ஒரு மில்லிமீட்டர்

அந்தப் பழைய மர ரயில்பெட்டியை எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில் அச்சு அசலாகச் செய்துவிட ஞானசிகாமணியிடம் இருந்தது ஒரே ஒரு புகைப்படம். அதில் அவர் ஜன்னலுக்கு உள்ளே இருந்தார். பிளாட்பாரத்தில், ஜன்னலை ஒட்டி, மனைவி செண்பகவல்லி நின்றிருந்தாள். அவள் உயரம் தெரிந்தால் பெட்டியின் அளவெல்லாம் கணக்கில் வந்துவிடும். முப்பது வருடம் கூட வாழ்ந்தவளின் உயரம் அவருக்குத் தெரியவில்லை. அவள் இறந்து நான்கு வருடமாகிறது. கொழுந்தியாள் கோமதிதான் ஐந்தடி இரண்டங்குலம் என்று சொன்னாள்.

எட்டு மாத வேலை. எல்லாம் ஒட்டி முடித்த பிறகுதான் பெட்டியின் அசல் வரைபடம் கிடைத்தது. ஒப்பிட்டால், ஜன்னல் ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. உடனே கோமதியைக் கூப்பிட்டார்.

“உயரத்தைத் தப்பாச் சொல்லிட்டியே.”

“நல்லா இருக்கு! பொண்டாட்டி உயரத்தைக் கொழுந்தியாகிட்டக் கேட்டுட்டு, என்னையே குத்தம் சொல்லுங்க அத்தான்.” சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். “எந்தப் போட்டோ? நான் எடுத்ததா? அதுல அக்கா குதிகாலைத் தூக்கி எக்கியில்ல நின்னா. வண்டி கிளம்புற நேரத்துல உங்ககிட்ட ஏதோ சொன்னாளே.”

“என்ன சொன்னா?”

“என்கிட்டயா கேக்கறீங்க? உங்க காதுலதானே சொன்னா.”

போனை வைத்துவிட்டு, லென்ஸால் படத்தில் அவள் குதிகாலைத் தேடினார். சேலைக் கரை மறைத்திருந்தது. லென்ஸை மெல்ல ஜன்னலுக்கு நகர்த்தினார். உள்ளே இருந்தவர் எஞ்சின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.