மாஸ்டரோட மூவாயிரம்

"டேய், எங்கடா என் மூவாயிரம்?"

கட்டிங் மாஸ்டர் தொண்டையைத் திறந்தாருன்னா பன்னெண்டு தையல் மிஷினும் நின்னுடும். அன்னிக்கும் நின்னுச்சு.

அயர்ன் மேசைக்கிட்ட நம்ம 'சரிண்ணே' தலையைத் தொங்கப்போட்டு, தேச்ச காலரையே திரும்பத் தேச்சுக்கிட்டிருந்தான். யாரு எது கேட்டாலும் "சரிண்ணே"ம்பான். அதுவே பேராயிடுச்சு.

"பொண்டாட்டிக்கு அடுத்த வாரம் பிரசவமாம்! ஆசுபத்திரிக்குக் காசு வேணுமாம்! முதல்ல என் பாக்கியை வைடா!"

"நாலு நாளா இதே பாட்டு. மனுஷனா இவரு?"ன்னு பட்டன் தைக்கிற அக்கா முணுமுணுத்துச்சு.

எனக்கும் பொறுக்கலை. டீ நேரத்துல இஞ்ச் டேப்பைக் கழுத்துல போட்டு, அக்காவோட கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "டேய், என் மூவாயிரம்!"னு மாஸ்டர் மாதிரியே கரகரத்தேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அந்தச் சூட்டோட காலி பட்டன் டப்பாவை நீட்டினேன்.

"ஆளுக்குக் கொஞ்சம் போடுங்க. பாவம், புள்ளைகுட்டிக்காரனாகப் போறான். அந்த ஆளு மூஞ்சியில விட்டெறிஞ்சிட்டு வரேன்!"

அக்கா ஐநூறு. ஓவர்லாக் அண்ணன் ஆயிரம். டீக்குக்கூடக் காசு எடுக்காத, பட்டன் ஓட்டை தைக்கிற காஜாக்காரர் எழுநூறு! நான் எண்ணூறு. ஜம்முனு மூவாயிரம்.

மாஸ்டர் முன்னாடி டப்பாவை டமார்னு வெச்சேன்.

"எடுத்துக்குங்க மாஸ்டர். இனிமே அவன் உங்களுக்கு ஒத்தைப் பைசா தரவேண்டாம். கொஞ்சமாச்சும் ஈவு இரக்கம் வேணும்!"

மாஸ்டர் எச்சில் தொட்டு எண்ணினார். நேரா அயர்ன் மேசைக்குப் போய் சரிண்ணேயோட சட்டைப்பையில திணிச்சார்.

"வெச்சுக்கடா. உன் பணம் மொத்தமும் வந்துடுச்சு."

எனக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை. "மாஸ்டர், அவன்தானே உங்களுக்குத் தரணும்?"

"எனக்கு அவன் எதுக்குடா தரணும்? நீங்கதான் அவனுக்குத் தரணும். போன மாசம் ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் நின்னான். நீங்க வாங்கின கடனைக் கேட்டப்போ எல்லார் பையும் காலி. அதான் நாலு நாளா என் பாக்கின்னு கத்தினேன். இன்னிக்கு தருமம்னதும் எப்படிக் கொட்டுது பாரு!"

"அக்காவும் அண்ணனும் சரி, நான் எப்போ வாங்கினேன் மாஸ்டர்..."

மாஸ்டர் கண்ணாடியைக் கழட்டினார். கழுத்தைச் சாய்ச்சு, பல்லை இளிச்சு, தலையைச் சொறிஞ்சார்.

"தம்பி, அவசரம்டா! சனிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள உன் கையில வெச்சிடறேன்டா!"

அச்சு அசல் என் குரல்.