கோடு போட்ட கதவு

என் வீட்டுக்காரர் அருளப்பன் காரின் முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பினார். பிறகு வழக்கம்போல என் மடியைத் தாண்டி ஸ்டீயரிங்குக்குப் போனார்.

"காலை மடக்கு பிள்ளே. சேலைய மிதிச்சா ஊருக்கே கேக்கக் கத்துவ."

கல்யாண ஊர்வலங்களுக்கு நாங்கள் வாடகைக்கு விடும் பழைய ஃபோர்டு அது. அமெரிக்காவிலிருந்து நேராக வந்த டி மாடல் என்பதால் ஸ்டீயரிங் இடப்பக்கம். அந்தப் பக்கம் முன்னால் கதவு கிடையாது. தகரத்தில் கதவு போலக் கோடு மட்டும் அழுத்தியிருக்கும். இருவரும் ஏற இறங்க என் பக்கத்துக் கதவு ஒன்றுதான்.

சந்தை முக்கில் கலவரக்காரர்கள் மறித்தார்கள். அரிவாளோடு வந்தவன் அவர் பக்கம் நின்று தகரத்தைத் தடவினான். பிடி அகப்படவில்லை.

"கதவத் தொறலே!"

"இது கதவில்லண்ணே, வெறும் கோடு. அமெரிக்காக்காரன் சும்மா வரைஞ்சு வச்சிருக்கான்." வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களிடமெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே சொல்வது அது. அப்போதும் சிரித்துவிட்டார்.

"எங்கிட்டயே நக்கலால?"

முதல் வெட்டு தோளில் விழுந்தது. நான் இறங்கினால்தான் அவர் இறங்க முடியும். நான் முந்தானையால் அவர் தோளைத்தான் அழுத்தினேன். அவர் எட்டி என் கதவைத் திறந்து, "எறங்கு பிள்ளே" என்று என்னைக் காலால் உதைத்து வெளியே தள்ளினார். நான் சாக்கடையிலிருந்து எழுந்தபோது என் இருக்கைவரை நகர்ந்திருந்தார். முடியைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்து, அந்தக் கோட்டின் மேல் சாய்த்து வெட்டினார்கள்.

காரை என்னிடம் வாங்கியவர் புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார். பார்க்க வருகிறவர்கள் முதலில் இடப்பக்கம் போய்ப் பிடியைத் தேடுகிறார்கள். அந்தப் பக்கம் கதவு இல்லை.