திருப்பிக் கூப்பிடும் பெட்டி

"அந்தம்மா போன் போட்டதும் உள்ளே விட்டுடாதீங்க. லைனைத் துண்டிச்சிட்டு, உங்க பெட்டியே அவங்க வீட்டு நம்பருக்குத் திருப்பிக் கூப்பிடணும். அப்புறம்தான் வேலை."

மேலாளர் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். மோடத்தையும் ரவுட்டரையும் மேஜையடியில் பொருத்திக்கொண்டிருந்த டெக்னீஷியன் தலையை நிமிர்த்தி, எதற்காக என்று கேட்டார்.

"வீட்டுல இருக்கேன்னு சொல்லிட்டு எங்கே ஊர் சுத்தறாங்களோ, யாரு கண்டா?"

ஊர் சுற்றுகிற லட்சணம் டெக்னீஷியனுக்குத் தெரியும். கணக்குப் பார்க்கும் அந்த அம்மாளின் கணவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். புரட்டிப் போடக்கூட வேறு ஆள் இல்லை. வீட்டுக் கணினியிலிருந்து தொலைபேசி வழியாக அலுவலகக் கணக்கைத் தொட முடிந்தால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் திங்கட்கிழமை வேறு ஆள் என்று முதலாளி சொல்லிவிட்டார். இவ்வளவையும் மேலாளர்தான் சொன்னார், வானிலை அறிக்கை வாசிப்பது போல.

விற்பனைக்காரர்களுக்கும் இப்படித்தானா என்று டெக்னீஷியன் கேட்டுப் பார்த்தார். அவர்களை நேராக உள்ளே விடலாமாம். மகா உத்தமர்கள் போலிருக்கிறது. வெளியூர் லாட்ஜில் படுத்துக்கொண்டு கூப்பிட்டாலும் நம்பலாம். நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவளைத்தான் நம்பக்கூடாது!

மேலாளர் காபி குடிக்கப் போன நேரத்தில், டெக்னீஷியன் அந்த அம்மாளின் பெயரையும் உத்தமர்கள் பட்டியலில் சேர்த்தார். கடவுள் கவனிக்க மறந்ததைத் தாம் கவனித்துவிட்ட திருப்தி அவருக்கு. பிறகு அவளுக்குப் போன் செய்து, இணைத்துப் பார்க்கச் சொன்னார்.

"திருப்பிக் கூப்பிடும்னு சாரே சொல்லிட்டாருங்க. நம்பிக்கை இல்லைன்னா கூப்பிட்டுப் பாத்துக்கட்டும். எனக்கு வேலை இருந்தாப் போதும்," என்றாள் அவள்.

இனி அந்த அவமானம் இல்லை என்று சொல்ல டெக்னீஷியனுக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டார். மோடம் கிறீச்சிட்டது, பச்சை விளக்கு எரிந்தது. அவள் உள்ளே வந்துவிட்டாள்.

கோப்பையோடு திரும்பிய மேலாளர் விளக்கையே பார்த்தார். "துண்டிக்கவே இல்லையே?"

"இல்லை சார். என் கையால அந்தம்மாவைத் திருடி மாதிரி நடத்த முடியாது. நீங்க வேற ஆளை வெச்சு மாத்திக்குங்க."

மேலாளர் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டுப் போய்க் கதவைச் சாத்தினார். குரல் தாழ்ந்தது.

"புண்ணியவானே, காலையிலேருந்து சாயந்திரம் வரைக்கும் லைன்ல இருக்கப்போறாங்க. கூப்பிடறவங்க தலையிலதானேய்யா போன் பில் விழும்? உதவின்னு சொன்னா அந்தம்மா கையால தொடமாட்டாங்க. சந்தேகம்னு சொன்னாத்தான் பொறுத்துக்குவாங்க."