கோடு போட்ட கிளாஸ்

"வாயில வைக்காதம்மா! படையல் முடியற வரைக்கும் யாரும் ருசி பார்க்கக் கூடாது."

கார்த்திகேசு போட்ட சத்தத்தில், உதட்டருகே போன கரண்டியோடு தாமரை அப்படியே நின்றுவிட்டாள்.

பங்சாரில் ஒரு வைன் கடையில் வேலை அவளுக்கு. எந்த வைனோடு எதைச் சாப்பிட்டால் பொருந்தும் என்று ருசித்துச் சொல்வதுதான் தொழில். ருசிக்காமல் சொல்லச் சொன்ன முதல் வீடு, பண்டமாரானில் இருக்கும் இந்த வீடுதான்.

"அப்ப எப்படிக்கா சொல்றது?"

"மோந்து பார்த்துச் சொல்லு தங்கச்சி. தப்பா மட்டும் போயிடக் கூடாது," என்றாள் அமுதவள்ளி.

அமுதவள்ளியின் கணவன் குகன் கப்பலில் இஞ்சின் வேலை பார்த்தவன். இரண்டு வருடத்துக்கு முன் கருங்கடலில் கப்பலோடு காணாமல் போனான். உடல் கிடைக்கவில்லை. அதற்கு முந்தின வாரம் ஜார்ஜியாவிலிருந்து, ஊர் திரும்பிய நண்பனிடம் இந்த வைன் பாட்டிலைக் கொடுத்தனுப்பியிருந்தான். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'திறக்காதே. எதோட குடிக்கணும்னு வந்து சொல்றேன்.'

"எங்கப்பாவுக்குப் படைச்சப்ப கிளாஸ்ல ஸ்டவுட் பீர் ஒரு விரல் குறைஞ்சுச்சு. செத்தவங்க வந்தா குறையும்," என்றார் குகனின் அண்ணன் கார்த்திகேசு. "இன்னைக்குக் குறைஞ்சா, வர்ற வெள்ளிக்கிழமை கருமாதி. தாலியைக் கழட்டிடணும்."

"குறையலைன்னா அத்தான்?"

"அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன் லா."

அமுதவள்ளி தாமரையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பொருந்தாததை வச்சா, அதனாலதான் அவன் தொடலைன்னு அத்தான் சொல்லுவாரு. சரியானதை வச்சும் தொடாம இருந்தாத்தான், அவரு உயிரோட இருக்காருன்னு அர்த்தம்."

தாமரை பாட்டிலைத் திறந்தாள். உலர்ந்த பழம், தேன், தேயிலை என்று வாசம் கூடம் முழுக்கப் பரவியது.

"வெள்ளை வைன்னு சொன்னே, பால் விடாத தே ஓ கலர்ல இருக்கு?" என்றார் கார்த்திகேசு.

"வெள்ளைத் திராட்சைதாண்ணே. தோலோட ஊற வைப்பாங்க. அதான் இந்தக் கலரு, இந்தத் துவர்ப்பு. பெரிய தாழியில ஊத்தி, கழுத்து வரைக்கும் மண்ணுல புதைச்சிடுவாங்க."

"தாழியில, மண்ணுக்குள்ளயா? நம்ம ஆளுங்க அந்தக் காலத்துல அதுல பொணத்தையில்ல வச்சாங்கம்மா."



தாமரை சட்டிகளை ஒவ்வொன்றாக முகர்ந்தாள். "ஆட்டுப் பிரட்டல் சரி. துவர்ப்புக்குக் கொழுப்பு வேணும். கத்தரிக்காய் சம்பலும் வைங்க. நண்டு மட்டும் வேணாம்க்கா. இந்த வைனோட சேர்ந்தா இரும்பை நக்கின மாதிரி இருக்கும்."

"நண்டுன்னா அவருக்கு உயிராச்சே! ஓரமா வைக்கிறேன்."

அமுதவள்ளி குகனின் படத்துக்கு முன் ஊதுபத்தி ஏற்றி, இலை போட்டுப் பரிமாறினாள். கிளாஸில் வைன் ஊற்றினார்கள். கார்த்திகேசு மார்க்கர் பேனாவால் கிளாஸின் வெளிப்பக்கம் கோடு போட்டார். கதவைச் சாத்திவிட்டு மூவரும் வாசலில் உட்கார்ந்தார்கள்.

உச்சி வெயில். கண்டெய்னர் லோரி ஒன்று வீடு அதிரப் போனது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கதவிடுக்கு வழியே வைன் வாசம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில், சட்டென்று அதுவும் நின்றது. ஊதுபத்தி அமுக்கிவிட்டது போலிருக்கிறது என்று தாமரை நினைத்துக்கொண்டாள்.

அரைமணி கழித்து, கார்த்திகேசு மூன்று முறை கைதட்டிக் கதவைத் திறந்தார்.

குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். வைன் கோட்டிலேயே நின்றது. ஒரு மயிரிழை கூடக் குறையவில்லை.

"நீ ஜெயிச்சிட்ட அமுதா. இனி தாலியைப் பத்திப் பேச மாட்டேன்."

அமுதவள்ளி அழுதாள், சிரித்தாள். "உயிரோட இருக்கற மனுசன் எப்படி அத்தான் படையலுக்கு வருவாரு? தங்கச்சி, எல்லாம் உன்னாலதான். நீயே முதல்ல சாப்பிடு!"

தாமரை கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

குழாய்த் தண்ணீருக்குக்கூட இதைவிட ருசி உண்டு. கிளாஸைச் சுழற்றி முகர்ந்தாள். ஒன்றுமே இல்லை. அடுக்களைக்கு ஓடி, மீதி வைனைப் பாட்டிலிலிருந்தே ஒரு மடக்குக் குடித்தாள். நாக்கைப் பிடித்து இழுத்தது துவர்ப்பு. மூக்கெல்லாம் தேனும் பழமும்.

திரும்பி வந்து இலையில் கை வைத்தாள். ஆட்டுப் பிரட்டல், நனைந்த காகிதம் போல் இருந்தது. கத்தரிக்காயும் அப்படியே.

"எப்படி இருக்கு தங்கச்சி? எனக்கும் ஒரு வாய் குடு," என்று அமுதவள்ளி சிரித்தபடி இலைப் பக்கம் குனிந்தாள்.

தாமரை ஓரத்தில் இருந்த நண்டை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பும் காரமும் சுரீரென்று ஏறின. பொருந்தாததை மட்டும் வந்தவன் தொடவில்லை.

"அக்கா..." இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீங்க நண்டை மட்டும் சாப்பிடுங்க."