அப்பாவின் அளவு நோட்டு

"இருபத்திரண்டு வயசாச்சுப்பா. இன்னும் நீங்க தைச்சதையே போட்டுக்கிட்டு அலையணுமா?"

தையல்காரர் மிஷினை நிறுத்தவில்லை. "கடையில வாங்கினது உடம்புல ஒழுங்கா உட்காராதும்மா" என்றார். மகள் சின்ன வயதிலிருந்து கேட்டுச் சலித்த பதில் அது.

சிநேகிதிகள் கடைக்குப் போய் நாலைந்து போட்டுப் பார்த்து வாங்குகிறார்கள். இவளுக்கு மட்டும் பள்ளிச் சீருடையிலிருந்தே அப்பாவின் தையல்தான். பெற்ற மகளையே கடைக்கு விளம்பரமாக நடமாட விடுகிறார் என்று அவளுக்கு எரிச்சல்.

இத்தனைக்கும் தாட்சண்யம் பார்க்கிற மனிதர் இல்லை. அளவு நோட்டில் 'குறை' என்று ஓரமாக ஓர் இடம் விட்டு, உள்ளதை உள்ளபடி எழுதிவிடுவார். பாங்க் மேனேஜருக்கு 'தொப்பை'. டீச்சரம்மாவுக்கு 'கூன்'. அதைப் பார்த்துவிட்டுத் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு.

திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். இந்தத் தடவை விடுவதாக இல்லை என்று மகள் துணிக்கடைக்குப் போய்விட்டாள்.

முதல் சட்டை இடது பக்கம் சரிந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் சரிய, உங்களிடம் தைக்கத் தெரிந்தவர்களே இல்லையா என்று கேட்டுவிட்டாள்.

அளவு பார்க்கிற பெண் அவளைக் கண்ணாடி முன்னால் நேராக நிற்க வைத்தாள்.

"சட்டையில தப்பில்லைங்க. உங்க இடது தோள் ஒரு அங்குலம் இறங்கியிருக்கு. தெரியாதா?"

தெரியாது. பள்ளியில் அவளை எதற்கெல்லாமோ கேலி செய்திருக்கிறார்கள். தோளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவள் கழற்றி வைத்த பழைய சட்டையை அந்தப் பெண் எடுத்துப் பார்த்தாள். இரண்டு தோளிலும் துணிக்கு நடுவே மெல்லிய பட்டை இருந்தது. இடது பக்கம் மட்டும், தோளின் இறக்கத்தை ஈடுகட்ட, கொஞ்சம் கொஞ்சமாகத் தடிமன் ஏற்றி, தொட்டால்கூடத் தெரியாதபடி தைத்திருந்தது. அந்தப் பெண் அதை விரலால் தடவிக்கொண்டே நின்றாள்.

"இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். இப்படி ஒரு வேலையைப் பார்த்ததில்ல. யாருங்க தைச்சது?"

மகள் பழைய சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள். "என்னம்மா, ஒண்ணும் வாங்கலையா?" என்றார் அப்பா. அந்தக் குரலில் இருந்த பயம் இன்றைக்குத்தான் அவள் காதில் விழுந்தது.

"அவங்களுக்குத் தைக்கவே தெரியலப்பா. நீங்களே தைச்சுக் கொடுங்க."

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றவர், நிம்மதியாகத் துணி எடுக்க உள்ளே போனார்.

அவள் அளவு நோட்டில் தன் பக்கத்தைத் தேடிப் பிரித்தாள். மூன்று வயதிலிருந்து வருஷம் தவறாமல் அளவுகள். ஓரத்தில், 'குறை' என்ற இடத்தில், எல்லா வருஷமும் ஒரே வார்த்தைதான் எழுதியிருந்தது.

'இல்லை.'