நாற்பது ரூபாய் நட்பு

"ரெண்டு தேசத்து சிநேகிதத்துக்கு விலை, கிலோவுக்கு நாப்பது ரூபா! அம்புட்டுத்தான் இடிக்குது. அவருகிட்ட சொல்லு, ஹரிணி."

மலைச்சாமி மேசையைத் தட்டினார். எதிரே, கிர்கிஸ்தானிலிருந்து வந்த வணிகக் குழுவின் தலைவர், கோபுரம் போல உயர்ந்த வெள்ளைத் தொப்பியுடன், அந்தத் தட்டலையும் தாளம் போல ரசித்துப் புன்னகைத்தார்.

திண்டுக்கல் பைபாஸ் ஓட்டலின் ஏ.சி. அறையில் பேச்சு தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அகரம் கிராமத்தில் அறுபத்திரண்டு குடும்பங்கள் மலைச்சாமியின் வாக்கை நம்பி முருங்கை போட்டிருந்தன. அரைத்த இலைப்பொடி ஐயாயிரம் கிலோ கிட்டங்கியில் அடுக்கிக் கிடந்தது. ஐப்பசி மழை இறங்கினால் பொடி கட்டிதட்டிப் போகும். அப்புறம் மலைச்சாமி அகரம் பக்கமே தலைகாட்ட முடியாது.

கடிதத்தில் அவர் எழுதியனுப்பிய விலை நானூற்று எண்பது. அவர்கள் கேட்பது நானூற்று நாற்பது என்று உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டாள் ஹரிணி. அவருடைய அக்கா மகள். கிர்கிஸ்தானில் ஆறு வருடம் டாக்டருக்குப் படித்து, அந்த ஊர்ப் பாஷையோடு திரும்பியவள். அந்த அறையில் இரண்டு பாஷையும் தெரிந்த ஒரே ஆள்.

ஹரிணி ஏதோ சொன்னாள். தலைவர் நெஞ்சில் கை வைத்து நீளமாகப் பதில் பேசினார். நடுவில் குதிரை போலக் கனைத்தும் காட்டினார்.

"என்ன புள்ள சொல்றாரு?"

"நானூத்தம்பதாம், மாமா."

"அதுக்கா கனைச்சாரு? இந்தா பாரு, எங்க பொடிய மோந்தாப் போதும், செத்தவன் எந்திரிச்சு சோறு கேப்பான்னு சொல்லு. அம்பதுக்குத்தான் வேணும்னா வைக்கோல அரைச்சுத் தாரேன்னு சொல்லு."

ஹரிணி பணிவாக எடுத்துச் சொன்னாள். குழுவினர் ஐந்து பேரும் கை தட்டினார்கள்.

மலைச்சாமி ஐந்து பேரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டினால் கை தட்டுகிறார்களே! முப்பது வருடமாக ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் எத்தனையோ கல்லுளிமங்கர்களோடு மல்லுக்கட்டியவர் அவர். இப்படிச் சிரித்துக்கொண்டே அறுக்கும் ஆளை இப்போதுதான் பார்க்கிறார்.

கடைசி ஆயுதத்தை எடுத்தார். துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். "கட்டாது தாயி. போறேன்னு சொல்லிரு." கதவை நோக்கி நடந்தார், கூப்பிடுவதற்குத் தோதாக, மெதுவாக.

ஹரிணி அவசரமாக என்னவோ சொன்னாள். தலைவரும் எழுந்தார். மூன்று தந்தி வாத்தியம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு பாடவே தொடங்கிவிட்டார்.

"நில்லுங்க மாமா! எழுவதுக்கு வந்துட்டாரு!"

"பாட்டுலயா?"

"பெரிய தொகைன்னா அவங்க பாட்டாத்தான் சொல்லுவாங்க."

"அப்ப இன்னொரு சரணம் பாடச் சொல்லு. எம்பதுக்கு ஒரு பைசா குறையாது!"

இன்னொரு சரணமும் ஆயிற்று. ஹரிணி இரண்டு கைகளையும் உயர்த்தினாள். "எம்பது! ஜெயிச்சிட்டீங்க, மாமா!"

கையெழுத்தானது. தலைவர் மலைச்சாமியை இறுகக் கட்டிப்பிடித்து, தன் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்தார். அதை எடுக்காமலே மலைச்சாமி அகரத்துக்குப் போன் போட்டார்.

"ஏலே கமலக்கண்ணா, வெடியப் போடுறா! கடுதாசில எழுதுன வெலை, ஒரு பைசா இறக்கல. நாப்பதுல கெடந்தவன எம்பதுக்கு இழுத்துட்டு வந்துருக்கேன்... ஆமாப்பா, மொதப் பேச்சுக்கே தலையாட்டியிருந்தாத்தான் இதுல என்னமோ இருக்குன்னு எந்திரிச்சு வந்திருப்பேன், போன வருசம் அந்தக் கோயமுத்தூர் யாவாரிகிட்டருந்து எந்திரிச்சு வந்த மாதிரி!"

போனுக்குள் பட்டாசு வெடித்தது. மலைச்சாமிக்கு நெஞ்சு அரை அடி நிமிர்ந்தது.

விடைபெறும்போது தலைவர் நினைவுப் பரிசாக அட்டைக் கோப்பு ஒன்றை நீட்டினார். உள்ளே அன்றைய அவருடைய உரை, அவர்களுடைய தூதரகத்தில் தமிழாக்கி அச்சிட்டது. மலைச்சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியைப் படித்தார்.

'அன்பு நண்பரே, உங்கள் கடிதத்தில் கண்ட விலையை அப்படியே ஏற்கிறோம். ஆகவே இன்று விலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், எங்கள் குதிரைகளைப் பற்றியும் பாடல்களைப் பற்றியும் மட்டுமே பேசப்போகிறேன்.'

நிமிர்ந்து பார்த்தார். ஹரிணி வாசல் பக்கமாக நழுவிக்கொண்டிருந்தாள்.

மலைச்சாமி பேனாவை எடுத்து, கோப்பின் பின்னட்டையில் எழுதினார்: 'ஐந்நூறு என்று கேட்டிருக்க வேண்டும். கிலோவுக்கு இருபது வீதம் ஐயாயிரம் கிலோவுக்கு, கிர்கிஸ்தானிடமிருந்து வரவேண்டிய பாக்கி ரூபாய் ஒரு லட்சம்.'