மாறாத பதில்

ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதே மங்கைக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. தனியாக இருக்கும் அண்ணன் பொன்னுரங்கம் சர்க்கரை ஏறி மயங்கி விழுந்து, இப்போதுதான் கண் விழித்திருந்தான். அவளுக்கு ஸ்டூலில் உட்காரவும் பிடிக்கவில்லை.

"தினம் சாயங்காலம் கேட்டேனே, மாத்திரை போட்டுட்டேன்னு ஏண்ணே பொய் சொன்ன?"

"நீ எங்க கேட்ட? உன் போன் வந்து மாசக்கணக்காச்சு பாப்பா. உனக்கு வேலை இருக்கும்னு விட்டுட்டேன்."

அவள் நம்பவில்லை. அங்கேயே நின்று அவன் எண்ணை அழைத்தாள். "மாத்திரை போட்டியாண்ணே?"

"போட்டுட்டேன் பாப்பா" என்றது அவள் போன், அவன் குரலிலேயே. தலையணையடியில் இருந்த அவன் போன் அடிக்கவே இல்லை.

மங்கைக்கு நினைவு வந்தது. 'இந்தக் கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்தான் வருகிறது. கேட்பதால் வேறெதுவும் மாறுவதில்லை. இனி அவரை அழைக்காமல் நானே பதில் சொல்லிவிடட்டுமா?' என்று போன் ஒருநாள் கேட்டிருந்தது. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சரி என்று அழுத்தியிருந்தாள்.

"அப்போ, அதுக்கு முன்னாடி நான் நிஜமாவே கேட்டப்பல்லாம்?"

"அப்பவும் பொய்தான்" என்றான் அவன் கூச்சத்தோடு. "ஆனா சொன்னப்புறம் மனசு கேக்காது. போனை வச்சதும் எந்திரிச்சுப் போய்ப் போட்டுக்குவேன்."